எரித்திரிய அகதிக் குடும்பம் வருகிறது: மருத்துவப் பொறுப்பை ஒருவரே பார்த்துக்கொள்ளலாமா?

மதுரைக்காரன்
21 அக்டோபர் 2023

வணக்கம். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் நண்பர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐந்து தனிநபர்கள் சேர்ந்து அகதிகளை வரவழைத்துப் பொறுப்பேற்கும் ஐவர் குழு முறையில் ஒரு எரித்திரியக் குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்திருக்கிறோம். விண்ணப்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வாரம்தான் தகவல் வந்தது. நவம்பர் 14 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து வருகிறார்கள்.

கணவன், மனைவி, 14 வயதுப் பெண், 9 வயதுப் பையன், 4 வயதுக் குழந்தை, கணவனின் அம்மா. மொத்தம் ஆறு பேர். எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் ஹிட்சாட்ஸ் முகாமில் இருந்தவர்கள். 2020 நவம்பரில் அங்கே போர் தொடங்கி, முகாமே அழிந்த பிறகு அடிஸ் அபாபாவுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீடு ஒருவர், பள்ளிக்கூடம் ஒருவர், வங்கி மற்றும் அரசாங்க அட்டைகள் ஒருவர், ஆங்கில வகுப்பு ஒருவர். மருத்துவம் என் பொறுப்பு. நான் கணினி வேலை பார்ப்பவன். மருத்துவம் பற்றி எதுவும் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கணவனுக்கு நுரையீரல் சம்பந்தமாக, வந்ததும் சுகாதாரத் துறையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். காசநோய் என்று தெரிந்ததும் எங்களில் ஒருவர் வீட்டில் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. பாட்டிக்குச் சர்க்கரை நோய். புதிதாக ஆள் சேர்க்கும் குடும்ப மருத்துவர் யாரும் கிடைக்கவில்லை. மூத்த பெண் ஓரளவு ஆங்கிலம் பேசுகிறாள், அவளே மொழிபெயர்த்தால் போதுமா? கடைசியாக, போரைப் பார்த்து வந்தவர்கள் என்பதால் உடனே மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார் இன்னொருவர். எது சரி?

கரவெட்டிக்காரி
21 அக்டோபர் 2023

தம்பி, முதலில் அந்தக் காசநோய்த் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டில் இன்றிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும். கனடாவுக்கு அகதியாக வருகிற பெரியவர்களுக்குப் பயணத்துக்கு முன்பே நெஞ்சு எக்ஸ்றே எடுக்கிறார்கள். மற்றவருக்குத் தொற்றக்கூடிய நிலையில் காசநோய் இருந்தால், மருந்து கொடுத்துத் தொற்று நிற்கும்வரை விமானம் ஏற விடமாட்டார்கள். எக்ஸ்றேயில் பழைய தழும்பு தெரிந்தவர்களுக்கும், முன்பு ஒருமுறை காசநோய்க்கு மருந்து எடுத்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் இந்தத் தாள். வந்து 30 நாளுக்குள் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் கூப்பிட்டுப் பரிசோதிப்பார்கள். அவ்வளவுதான். அவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். அந்த எட்டு மாதப் பிள்ளையை அவர் மடியில் வைத்திருக்கலாம். இதை உங்கள் நண்பரின் மனைவிக்கு நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள். வந்து இறங்குகிற மனிதர், தன்னைத் தொடப் பயப்படுகிறார்கள் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

இனி, வேலையைப் பிரித்த விதம். அதை மாற்றச் சொல்லித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் ஒரு சமூக சுகாதார நிலையத்தில் 22 வருடம் வேலை செய்தேன். டொக்டரும் இல்லை, தாதியும் இல்லை. புதிதாக வந்த குடும்பங்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், படிவம், டொக்டர் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பதுதான் என் வேலை. அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களைப் போலவே நல்ல மனமுள்ள ஒரு குழு, உங்களைப் போலவே வேலையைப் பிரித்திருந்தார்கள். வந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறவர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிக் கிடந்தது வீடு பார்த்தவருக்குத் தெரியும். இன்சுலின் போடுவது மருத்துவம் பார்த்தவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா தன் புத்திக்கு எட்டியபடி, குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு பையில் தொங்கவிட்டார். அது ஜனவரி. இன்சுலின் உறைந்து போனால் பிறகு உருகினாலும் சரியாக வேலை செய்யாது. சீனி இறங்கவில்லை, டொக்டர் அளவைக் கூட்டினார். இறங்கவில்லை, மறுபடி கூட்டினார். ஐந்து வாரம் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. நல்ல இன்சுலின் உள்ளே போனது, கூட்டிய அளவிலேயே. அன்றிரவு சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, பிள்ளைகள் அம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். அவர் பிழைத்துவிட்டார். இதில் யாரும் கவனக்குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். சாதாரணப் பள்ளிக்கூடக் கொப்பி. அதை அந்தக் குடும்பம் வைத்திருக்கட்டும், அவர்கள் வீட்டுச் சமையலறையிலேயே கிடக்கட்டும். வீட்டுக்காரரோடு கதைத்தது, டொக்டர் சொன்னது, பள்ளிக்கூடத்தில் கேட்டது, அடுத்த சந்திப்புத் தேதி, யார் கூட்டிப்போவது எல்லாம் அந்த ஒன்றில். வாரத்தில் ஒரு நாள் ஐந்து பேரும் போனில் சேருங்கள். பஸ்சைக் கூட மருத்துவமாகத்தான் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு ஸ்காபரோ ரயில் நின்றே போய்விட்டது. அதற்குப் பதிலாக ஓடும் பஸ்ஸில் குளிரில் நின்று மாறி மாறிப் போக வேண்டிய இடத்தில் கிளினிக் இருந்தால், முழங்கால் நோவோடு அந்த அப்பம்மா இரண்டாம் தரம் வரமாட்டார். வீடு பார்ப்பவர் இதையும் யோசித்து வீடு எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்பான்சர் செய்தவர் என்பதற்காக டொக்டரின் அறைக்குள் போகும் உரிமை உங்களுக்கு வராது. கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே இருங்கள். அவர்களாகக் கூப்பிட்டால் உள்ளே போங்கள். என்ன வருத்தம் என்பதைக் கொப்பியில் எழுதுவதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

அடுத்தது அந்த 14 வயதுப் பிள்ளை. தயவுசெய்து அவளை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

நாங்கள் 1989இல் இலங்கையிலிருந்து வந்தோம். எனக்கு 13 வயது, வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அம்மாவுக்கு நிற்காமல் இரத்தப்போக்கு. டொக்டர் எத்தனை தரம் கர்ப்பமானார் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஆறு என்றார். நாங்கள் நாலு பேர்தான். 1987இல் வடமராட்சியில் ஆமி வந்தபோது கோயிலில் ஒளிந்திருந்தோம், அந்த நாட்களில் ஒன்றும், அதற்கு முதல் ஒன்றும் அழிந்து போயிருக்கிறது. அந்த அறையில், அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது தெரிய வந்தது. டொக்டரைப் பார்த்து நான் நாலு என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பேன். காரணத்தைக் கண்டுபிடிக்க அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆனது. அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போய்விட்டார்.

சமூக சுகாதார நிலையங்களில் போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள், குடும்பம் காசு கட்டத் தேவையில்லை. நேரம் எடுக்கும்போதே டிக்ரிஞா மொழி என்று சொல்லிவிடுங்கள், இரட்டை நேரம் கேளுங்கள். தாய்க்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேளுங்கள். டிக்ரிஞா எரித்திரியாவிலும் பேசுகிறார்கள், டிக்ரேயிலும் பேசுகிறார்கள். நடந்து முடிந்த போரில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. எந்தப் பக்கத்து ஆள் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருக்கலாம். தேவாலயத்தில் தெரிந்தவர் வந்து உதவுவது அன்புதான், ஆனால் சிறிய சமூகத்தில் டொக்டரிடம் சொன்னது ஊர் முழுக்கப் போகிற வேகம் எங்களுக்குத் தெரியாததா?

நாளைக்கு மிச்சத்தை எழுதுகிறேன்.

கரவெட்டிக்காரி
22 அக்டோபர் 2023

மிச்சம்.

பெயர். எரித்திரியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், பிறகு தாத்தா பெயர். மனைவி புருஷன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. ஒரே வீட்டில் ஆறு பேருக்கும் மூன்று நாலு விதமாகக் கடைசிப் பெயர் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் இது புதிதல்ல, இனிஷலை விரித்து எழுதி எங்களை எங்கள் அப்பா பெயரால் கூப்பிட்ட நாடுதானே இது. தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா அட்டையிலும் ஒரே எழுத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் இரத்தப் பரிசோதனை முடிவு வேறு கோப்புக்குப் போய்விடும்.

நேரம். எத்தியோப்பியாவில் பகலை விடியலில் இருந்து எண்ணுகிறார்கள். எங்கள் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. எங்கள் 9 மணி அவர்களுக்கு 3. பல வருடம் அங்கே இருந்த குடும்பம், அந்தப் பழக்கம் இருக்கக்கூடும். 9 மணிச் சந்திப்புக்குப் பிற்பகல் 3 மணிக்கு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். "வரவில்லை" என்று கோப்பில் எழுதியிருந்தார்கள்.

நாட்காட்டியும் அப்படித்தான். அங்கே 13 மாதம், ஆண்டு எங்களுடையதை விட ஏழு எட்டுப் பின்னால். சின்னப் பிள்ளை 2019 கடைசியில் பிறந்திருந்தால் அதன் தடுப்பூசி அட்டையில் 2012 என்று இருக்கலாம். இங்கே பார்க்கிற தாதி, பிள்ளை பிறக்க முதலே ஊசி போட்டிருக்கிறது, அட்டை பொய் என்று நினைத்து எல்லாவற்றையும் முதலில் இருந்து போடுவார். அட்டையை எறியாமல் கொண்டுவரச் சொல்லி இன்றைக்கே செய்தி அனுப்புங்கள். வெள்ளைப் பையில் வருகிற குடியேற்றத் தாள்களோடு எக்ஸ்றேயும் வைத்திருக்கலாம், அதையும் பெட்டிக்குள் போட்டுவிடாமல் கையிலேயே வைத்திருக்கட்டும்.

டொக்டர். குடும்ப வைத்தியரைத் தேடி இப்போதே களைத்துப் போகாதீர்கள். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சமூக சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டு, புதிதாக வரும் அகதிக் குடும்பம் என்று சொல்லுங்கள். டொக்டர், தாதி, சமூகப் பணியாளர், உணவு ஆலோசகர் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். டவுன்டவுனில் விமன்ஸ் கொலேஜ் ஆஸ்பத்திரியில் குறொஸ்றோட்ஸ் கிளினிக் இருக்கிறது, 2011இல் அகதிகளுக்கென்றே தொடங்கியது. 211க்குப் போன் அடித்தாலும் வழி சொல்வார்கள். வந்த அடுத்த நாளே கூட்டிப்போகத் தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்துக்குள் போதும். காய்ச்சல், கர்ப்பம், தீரப்போகும் மருந்து என்றால் மட்டும் உடனே.

காசு. ஓஹிப் என்கிற ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு அகதிகள் காத்திருக்கத் தேவையில்லை, வந்ததும் எடுக்கலாம். மருந்துக்கும் கண்ணாடிக்கும் அவசரப் பல் வைத்தியத்துக்கும் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு, ஸ்பான்சர் காலம் முடியும்வரை. 2012இல் இந்தத் திட்டத்தை வெட்டினார்கள். உங்களுடையதைப் போலத் தனியார் ஸ்பான்சரில் வந்தவர்களுக்கு மருந்துக் காசு நின்றது. தேவாலயங்கள் உண்டியல் காசில் இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக் கொடுத்ததைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட டொக்டர்மார் தெருவில் இறங்கினார்கள். 2014இல் சமஷ்டி நீதிமன்றம் அது கொடுமையானது என்று தீர்ப்பளித்தது, 2016 ஏப்ரலில் முழுமையாகத் திரும்பி வந்தது. அந்தக் குழப்பத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. "இந்தத் தாள் செல்லாது" என்று ஒரு கவுண்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

போரைப் பற்றிக் கேட்கலாமா? நீங்களாகக் கேட்க வேண்டாம். 2011இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் அகதிகளுக்கான வழிகாட்டி ஒன்று வந்தது, எங்கள் நிலையத்தில் எல்லாரும் படித்தோம். என்ன கொடுமை நடந்தது என்று எல்லாரையும் துருவிக் கேட்பது நன்மையை விடத் தீமையைத்தான் கூட்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் நித்திரை இல்லை, சாப்பிடவில்லை, பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை, காரணம் தெரியாத தலையிடி என்றால் கவனிக்க வேண்டும். அப்போது டொக்டர் வழியாக, சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான கனடிய மையத்துக்குப் போகலாம். ரொறன்ரோவில் 1977இலிருந்து இருக்கிறது, எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்குக் கைகொடுத்த இடம்.

குழந்தைகள் உதவித்தொகை, வரி, இதெல்லாம் உங்கள் மற்ற நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும், நான் எழுதவில்லை.

மாத்திரைப்பெட்டி
22 அக்டோபர் 2023

அக்கா எழுதியதற்கு மேல் என் பக்கத்திலிருந்து கொஞ்சம். மார்க்கம் நகரில் மருந்தாளராக இருக்கிறேன்.

பாட்டி கொண்டுவரும் மாத்திரைகளை, காலி அட்டைகளையும் சேர்த்து, முதல் வாரமே அருகில் இருக்கும் மருந்துக்கடைக்கு எடுத்துப்போங்கள். பெயர் மாறும். அங்கே கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரை இங்கே கிளைபியூரைட். அங்கே பாரசிட்டமோல், இங்கே அசெட்டமினோஃபென். பனடோலும் டைலனோலும் ஒன்று என்று தெரியாமல் நம் வீடுகளிலேயே இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். புது டாக்டர் இங்கத்தைப் பெயரில் எழுதிக் கொடுப்பார், பாட்டி பழையதையும் நிறுத்த மாட்டார். அப்போது அளவு இரட்டிப்பாகும்.

ஆர்த்தடாக்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் கடைசியிலிருந்து நாற்பது நாளுக்கு மேல் விரதம். இறைச்சி, பால், முட்டை கிடையாது. பக்தியுள்ள பெரியவர்கள் பிற்பகல் வரை ஒன்றும் சாப்பிடாமலும் இருப்பார்கள். நீங்கள் சொல்லும் தேதியில் வந்தால், வந்து பத்து நாளில் விரதம் தொடங்கிவிடும். கிளைபியூரைட் மாதிரி மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு மூன்று மணி வரை வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். விரதம் இருக்கக் கூடாது என்று சொல்லிப் பயனில்லை, என் அம்மாவிடம் கந்தசஷ்டிக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விரதம் இருப்பீர்களா, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு டாக்டரிடம் சொன்னால், மாத்திரையையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றலாம்.

கணவனுக்கு உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமிக்கு ரிஃபாம்பின் எழுதினால், சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும் என்று முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார். நான்கு மாதம் விடாமல் எடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெறுங்காலில் மண்ணில் நடந்தவர்களுக்கு ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற குடல் புழு தோல் வழியாக ஏறும். ஒரு தொந்தரவும் காட்டாமல் பத்து இருபது வருடங்கள் உள்ளேயே இருக்கும். பிறகு ஒரு நாள் ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பு முழுவதும் பரவி உயிரையே எடுக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனை, ஐவர்மெக்டின் மாத்திரை, அத்தோடு முடிந்துவிடும். முதல் பரிசோதனையிலேயே கேட்டுவிடுங்கள்.

வன்கூவர் மழை
24 அக்டோபர் 2023

இங்கே வன்கூவரில், விக்டோரியா டிரைவில் 2016இல் ஒரு வரவேற்பு மையம் திறந்தார்கள். அரசாங்கம் கொண்டுவரும் அகதிகள் முதல் சில வாரம் தங்குவதற்கு அறைகள், குடியேற்ற அலுவலகம், மருத்துவ அறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். சில காலம் நான் அங்கே தொண்டராகப் போய்வந்தேன். மாடிப்படியில் எதிர்ப்படும்போது தாதியும் குடியேற்ற அலுவலரும் அரை நிமிஷம் பேசிக்கொள்வார்கள். அந்த அரை நிமிஷத்தில் தீர்ந்த பிரச்சினைகள் நிறைய. உங்கள் ஐந்து பேருக்கு அந்த மாடிப்படி கிடையாது, அதனால் கரவெட்டிக்காரி சொன்ன கொப்பியை விட்டுவிடாதீர்கள்.

மதுரைக்காரன்
17 டிசம்பர் 2023

எல்லோருக்கும் நன்றி. அவர்கள் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

எட்டு மாதக் குழந்தையின் அம்மாவும் விமான நிலையத்துக்கு வந்தார். குழந்தையை அந்தப் பாட்டிதான் முதலில் வாங்கினார். பாட்டியின் மாத்திரை ஆறு நாளுக்குத்தான் இருந்தது. நேரே மருந்துக்கடைக்குப் போனோம். கிளிபென்கிளமைட்தான். முதல் கடையில் சுகாதாரத் திட்டத் தாளைப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள், இரண்டாவது கடையில் கொடுத்தார்கள். விரதம் பற்றிக் கேட்டபோது பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம், இந்த ஊரில் இதைக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார், சாப்பாட்டோடு பிற்பகலில் போடுகிறார்.

சந்திப்பு நேரத்தை எங்கள் முறையில் ஒன்று, அவர்கள் முறையில் ஒன்று என்று கொப்பியில் இரண்டாக எழுதுகிறோம். இதுவரை எதுவும் தவறவில்லை. சின்னவனின் அட்டையில் 2012 என்றுதான் இருந்தது. போனில் இருந்த மொழிபெயர்ப்பாளரே தேதிகளை மாற்றிச் சொல்ல, தாதி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இரண்டு ஊசிதான் பாக்கி. காசநோய் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள், புதிதாக எதுவும் இல்லை. புழுவுக்கான பரிசோதனை முடிவு அப்பாவுக்கும் மூத்த பெண்ணுக்கும் இருக்கிறது என்று வந்தது, இருவருக்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள்.

மூத்த பெண் அம்மாவோடு உள்ளே வரத் தயாராக எழுந்தாள். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், நீ வெளியே இரு என்று சொன்னோம். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துகொண்டாள். கரவெட்டி அக்கா, உங்கள் அம்மாவைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. பிள்ளைகளின் அம்மா இரவில் தூங்குவதில்லை. அதிகாலை மூன்று மணிக்குச் சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கணவர் சொன்னார். பகலில் எங்களிடம் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார், ஆங்கில வகுப்புக்கும் போகிறார். நான் என்ன செய்ய?

கரவெட்டிக்காரி
17 டிசம்பர் 2023

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

கணவர் உங்களிடம் சொன்னதை அவருக்குத் தெரியாமல் டொக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த சந்திப்பில் தன் நித்திரையைப் பற்றித் தாதியிடம் கேட்க விருப்பமா என்று கணவரே மனைவியிடம் கேட்கட்டும். விருப்பம் என்றால் பெண் மொழிபெயர்ப்பாளரோடு நீண்ட நேரம் எடுத்துக் கொடுங்கள். நாள் முழுக்க எழும்ப முடியவில்லை, பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை, வாழ்க்கை வேண்டாம் என்பது போல ஏதாவது சொன்னார் என்றால் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

அதோடு இன்னொன்று. அவர்கள் வீட்டில் காப்பி குடித்தீர்களா? எரித்திரிய வீட்டில் காப்பி என்றால் பச்சைக் கொட்டையை உங்களுக்கு முன்னாலேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவதற்கு பரகா என்று பெயர், ஆசீர்வாதம் என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்கள்தானே, அவர்களில் ஒருவர் கட்டாயம் போகட்டும். படிவம், கொப்பி ஒன்றும் எடுத்துப்போக வேண்டாம். முதல் சுற்றோடு எழும்பிவிடாமல் மூன்றுக்கும் இருக்க வேண்டும். அவர் கதைத்தால் கேட்கட்டும், கதைக்காவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு வரட்டும். எங்கள் அம்மாவோடு இந்த நாட்டில் யாரும் அப்படி வந்து இருக்கவில்லை.

மதுரைக்காரன்
20 டிசம்பர் 2023

கணவர் கேட்டார், மனைவிக்குச் சம்மதம். ஜனவரி 4 அன்று பெண் மொழிபெயர்ப்பாளரோடு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

காப்பிக்கு நாங்கள் கேட்கவே தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அவரே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், 3 மணிக்கு. உங்கள் 3 மணியா எங்கள் 3 மணியா என்று என் மனைவி கேட்டாளாம். விரதம் முடிந்து பாட்டி சாப்பிடும் நேரம், உங்கள் 3 மணிதான் என்றாராம்.